ஏழாவது இன்னிங்ஸில் யாரும் கேட்கவில்லை

அன்றைக்குக் காலையில் வெஸ்லி இடது கையால் முட்டை சாப்பிட்டான். நான் அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தபோது முள்கரண்டி இடது கையில் இருந்தது. வலது கை மேசைக்கு அடியில், மடியில் கிடந்தது. மணிக்குத் தொண்ணூற்று நான்கு மைல் வேகத்தில் பந்து எறிகிற கை அது. அந்தக் கைக்காகத்தான் அவனை ஆர்கன்சாவிலிருந்து எங்கள் மினசோட்டா ஊருக்கு அழைத்து வந்திருந்தார்கள்.

எங்கள் லிண்டன் க்ராசிங்கில் ஒவ்வொரு கோடையிலும் இதுதான் கதை. கல்லூரி விடுமுறையில் நாடு முழுவதிலிருந்தும் பேஸ்பால் ஆடுகிறவர்கள் வருவார்கள், ஊரில் வீட்டுக்கு ஒருவராகத் தங்குவார்கள், அலமாரியைக் காலி செய்வதுபோல் சாப்பிடுவார்கள், ஆகஸ்டில் போய்விடுவார்கள். அந்த வருடம் என் வீட்டு மாடியறைக்கு வந்தவன் வெஸ்லி டன்ஹாம். வயது இருபத்தொன்று, உயரம் ஆறடி மூன்று அங்குலம். தெற்கத்திப் பழக்கப்படி என்னை 'மிஸ் பெர்னி' என்றுதான் கூப்பிடுவான். எனக்குக் கல்யாணமாகி முப்பத்தொரு வருடமாகிறது என்று சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். என் கணவர் ஓரினுக்கு அதில் பரம சந்தோஷம். அவரும் என்னை 'மிஸ்' என்றே கூப்பிட்டு அந்தக் கோடை முழுவதும் வெறுப்பேற்றினார்.

கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"கை மேலயே படுத்துத் தூங்கிட்டேன் மிஸ் பெர்னி. மரத்துப்போச்சு, அவ்ளோதான்."

எத்தனை நாளாக மரத்துப்போயிருக்கிறது என்று கேட்டதற்குச் சிரித்தான். சிரித்துவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "கோச்சுகிட்ட சொல்லிடாதீங்க. இன்னைக்கு அந்த ஆளு வர்றாரு," என்றான்.

அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரியும். பெரிய லீக் அணிக்கு ஆள் தேடி ஊர் ஊராக அலைகிறவர். ஜூன் மாதம் ஒரு தடவை வந்து வெஸ்லியின் பெயரைக் குறித்துக்கொண்டு போயிருந்தார். இரண்டாவது தடவை வருகிறார் என்றால் சும்மா வரமாட்டார். வெஸ்லியின் அப்பா கூரை வேயும் வேலை செய்கிறவர். மகனையும் ஏணியில் ஏற்ற வேண்டியிருக்குமா இருக்காதா என்பது அந்த வலது கையைப் பொறுத்த விஷயம். அதை வெஸ்லி என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறான்.

"நான் படம் எடுக்கிறவ, வைத்தியம் பாக்கிறவ இல்ல. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் போ," என்றேன். பெரிய சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக அப்போது எனக்கு நினைப்பு.

நான் பதின்மூன்று வருடமாக எங்கள் அணியின் ஆட்டங்களைப் படம் எடுக்கிறேன். அணிக்கும் நான்தான், மாவட்டப் பத்திரிகைக்கும் நான்தான். மைதானத்தின் ஓரத்தில், மூன்றாவது பேஸ் பக்கம், எங்கள் ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சு முடிகிற இடத்தில் எனக்கென்று ஒரு சின்னப் பள்ளம் உண்டு. பெஞ்சுக்கும் எனக்கும் நடுவில் ஓர் இரும்புக் கம்பி மட்டும். அங்கே முழங்கால் போட்டு உட்கார்ந்தால், வலது கையால் எறிகிற பிட்சர் மைதான நடுவிலுள்ள மண்மேட்டில் நின்று பந்தை விடும்போது அவன் கை என் பக்கம் வரும். தோள், முழங்கை, விரல்கள், பந்தின் சிவப்புத் தையல் எல்லாம் என் லென்சுக்குள் வந்து விழும்.

நல்ல படம் கிடைப்பதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். எதிர்ப்பக்க வேலியில் விதைக்கடைக்காரர் விளம்பரம் ஒன்று இருக்கிறது, ஆளுயர எழுத்துகளில். பந்து விரலை விட்டுப் பிரிகிற கணத்தில் பிட்சரின் கை அந்த எழுத்துகளில் எந்த உயரத்தில் தெரிகிறது என்று ஆட்டத்தின் ஒன்பது சுற்றில் முதல் இன்னிங்ஸிலேயே பார்த்து வைத்துக்கொள்வேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டும் எடுக்கலாம். வெஸ்லியின் கை எப்போதும் எழுத்துகளின் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருக்கும். அதுதான் அவன் அளவு.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நல்ல வெயில். ஆயிரத்து இருநூறு பேர் வந்திருந்தார்கள், எங்கள் ஊருக்கு அது திருவிழாக் கூட்டம். அந்த ஆள் பந்தைப் பிடிக்கிற கேட்சருக்குப் பின்னால், மூன்றாவது வரிசையில், வேகம் பார்க்கிற கருவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெஸ்லி எறிந்தான். எதிரணி ஆட்கள் வந்தார்கள், காற்றில் மட்டையை வீசினார்கள், திரும்பிப் போனார்கள். அவனைப் பார்க்கப் பார்க்கக் காலையில் பார்த்த இடது கை எனக்கு மறந்தே போய்விட்டது.

ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்தபோது மைதானத்தில் ஒரு மாதிரியான அமைதி வந்தது. அந்த அமைதி எங்களுக்குத் தெரியும். எங்கள் ஊர் ஸ்கோர் பலகையில் எண் தகடுகளைக் கையால் மாட்டுகிறவர் ஓரின்தான். எதிரணி அடித்த அடிகளுக்கான கட்டத்தில் அவர் முதலில் மாட்டிய பூஜ்யம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது இன்னிங்ஸும் ஒரு பிட்சர் எதிராளியை ஓர் அடிகூட அடிக்க விடாமல் முடித்துவிட்டால் அதற்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் அது நடந்துகொண்டிருக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் கலைந்துவிடும். பிட்சரிடம் பேசக் கூடாது. பக்கத்தில் உட்காரக் கூடாது. யார் எந்த இடத்தில் இருந்தாரோ அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. சூரியகாந்தி விதை மென்றுகொண்டிருந்தவன் மென்றுகொண்டே இருக்க வேண்டும். படித்தவன், படிக்காதவன், கடவுளை நம்பாதவன் எல்லாரும் இதை நம்புவார்கள். நானும் நம்பினேன்.

ஆறாவது இன்னிங்ஸ் முடிந்து காமெராவின் சின்னத் திரையில் படங்களைத் தள்ளிப் பார்த்தேன். வெஸ்லியின் கை எழுத்துகளின் தலைக்கு மேலே இல்லை. தலையளவில் இருந்தது. ஏழாவது நடக்கும்போதே, அதில் எடுத்ததையும் பார்த்தேன். எழுத்துகளின் பாதி உயரத்துக்கு இறங்கியிருந்தது. முழங்கை தோளுக்குக் கீழே தொங்க, உடம்பை முறுக்கி அந்த முறுக்கில் பந்தைத் தள்ளிக்கொண்டிருந்தான். மேட்டில் நின்று ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் கடைசி இரண்டு விரல்களையும் மடக்கி மடக்கி நீட்டினான். தூரத்தில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. என் லென்சுக்குத் தெரிந்தது. காலையில் மடியில் கிடந்த கைதான் அது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஏழாவது முடிந்து பெஞ்சுக்கு வந்தான். வழக்கப்படி அவன் உட்காரும்போதே இரண்டு பக்கமும் காலியாயின. அவனோடு ஜூன் மாதத்திலிருந்து ஒட்டிப் பிறந்தவன்போல் திரிகிற கேட்சர் நேவின்கூட மறுகோடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். வெஸ்லிக்கு மிகப் பக்கத்தில் இருந்தது நான்தான். நாலடி தூரம், நடுவில் அந்தக் கம்பி. அவன் வலது கையை ஒரு துண்டால் மூடிக்கொண்டான். துண்டுக்குள் இடது கையைவிட்டு முழங்கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

வியர்வை வடிந்த முகம். உதடு லேசாகத் திறந்திருந்தது. கேட்டுவிடு, கேட்டுவிடு என்று எனக்குள் ஒன்று அடித்துக்கொண்டது. 'கை வலிக்கிறதா' என்று இரண்டு சொல். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? அந்தப் பூஜ்யம் என் கண்ணில் பட்டது. கலைந்துவிட்டால் இந்த ஊரும் மன்னிக்காது, அவனும் மன்னிக்க மாட்டான் என்று தோன்றியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். காமெராவைத் தூக்கினேன். அவன் என்னைப் பார்த்தான், நான் படம் எடுத்தேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிறகு மனசு கேட்கவில்லை. காமெராவைத் தூக்கிக்கொண்டு பள்ளத்திலிருந்து எழுந்து கோச் கில்ராயிடம் போனேன். கில்ராய் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், முரடன், ஆனால் கெட்டவன் இல்லை. முதல் இன்னிங்ஸ் படத்தையும் ஏழாவது இன்னிங்ஸ் படத்தையும் அவனுக்கு மாற்றி மாற்றிக் காட்டலாம் என்று திரையை அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன். நான் இடம் மாறிவிட்டதைப் பார்த்துப் பெஞ்சில் இருந்தவர்கள் பேயைக் கண்டவர்கள்போல் விழித்தார்கள்.

கில்ராய் திரையைப் பார்க்கவில்லை. மைதானத்தைப் பார்த்துக்கொண்டே உதடு அசையாமல் பேசினான்.

"அத கீழ எடு பெர்னி."

"ஒரே ஒரு தடவ பாரு. கை எவ்ளோ இறங்கியிருக்குன்னு பாரு."

"பாத்தா நான் அவன வெளிய எடுக்கணும். எடுத்தா இந்த ஊர்ல நான் குடியிருக்க முடியாது. அவனா வாயத் தொறந்து சொல்லட்டும், அடுத்த நிமிஷம் எடுக்கிறேன். நீ போயி உன் இடத்துல உக்காரு."

அவனாகச் சொல்ல மாட்டான் என்று கில்ராய்க்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்படிச் சொல்கிற பிட்சரை நான் இந்தப் பதின்மூன்று வருடத்தில் பார்த்ததில்லை. நான் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன்.

எட்டாவதில் அவன் எறிந்த ஒவ்வொரு பந்தும் என் பல்லைக் கூச வைத்தது. வேகம் குறைந்திருந்தது, ஆனால் எதிரணிக்காரர்கள் பயந்து போயிருந்தார்கள். உயரத் தூக்கி அடித்தார்கள், எங்கள் ஆட்கள் ஓடிப் பிடித்தார்கள்; பிடிபட்டது அடியாகக் கணக்காவதில்லை. ஒவ்வொரு தடவை கூட்டம் எழுந்து கத்தும்போதும் யாராவது அடித்துவிடட்டுமே என்று வேண்டிக்கொண்டேன். என் வீட்டில் சாப்பிடுகிற பையன் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, அவன் ஜெயிப்பதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். இரண்டு பேர் அவுட்டாகிப் போய்விட்டார்கள். மூன்றாவது ஆள் இரண்டு பந்தைத் தவறவிட்டான், இன்னொன்றும் தவறினால் ஆட்டம் முடிந்தது. ஆயிரத்து இருநூறு பேரும் எழுந்து நின்றுகொண்டு மூச்சு விடாமல் இருந்தார்கள். வெஸ்லி காலைத் தூக்கினான். கை பின்னால் போனது. என் காமெரா நொடிக்குப் பன்னிரண்டு படம் எடுக்கும். நான் பொத்தானை அமுக்கினேன். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் அவனுடைய முழங்கை வேறு மாதிரி ஆகிவிட்டது. சத்தம்கூடக் கேட்டது என்று பிறகு நேவின் சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. பந்து போய்க்கொண்டிருந்தது. அடிக்க வேண்டியவன் மட்டையைக் காற்றில் வீசினான். அம்பயர் கையைத் தூக்கினார்.

அதோடு முடிந்தது, ஜெயித்தாயிற்று. நாலு இன்னிங்ஸாக அடக்கி வைத்திருந்த வாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தன. அவன் பக்கத்தில் உட்காரவே பயந்தவர்கள் அத்தனை பேரும் அவன்மேல் பாய்ந்தார்கள். முதலில் நேவின், பிறகு நாலு பேர், பிறகு பெஞ்சு முழுவதும். வெஸ்லி ஏற்கெனவே முழங்கால் மடங்கி விழுந்துகொண்டிருந்தான். அவர்கள் அதைச் சந்தோஷம் என்று நினைத்தார்கள். வெற்றி பெற்ற பிட்சர்மேல் எல்லாரும் மலைபோல் விழுந்து புரள்வதுதான் எங்கள் வழக்கம்.

"கை! அவன் கை!" என்று கத்தினேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பத்துப் பேருக்கு அடியில் அவன் முகம் மட்டும் வெளியே தெரிந்தது. வாய் முழுவதுமாகத் திறந்திருந்தது, கண்கள் இறுக மூடியிருந்தன. அவன் அலறிக்கொண்டிருந்தான். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், கத்திக்கொண்டே லென்ஸ் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் விரல் பொத்தானை விடவே இல்லை. பதின்மூன்று வருடப் பழக்கம் அந்த விரலில் இருந்தது. அதை வெட்டி எறியலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

நேவின்தான் முதலில் கண்டுபிடித்தான். அவன் எல்லாரையும் பிடித்து இழுத்து எறிந்தான். ஆம்புலன்ஸில் நான் வெஸ்லியோடு ஏறிக்கொண்டேன். காமெராவைப் பள்ளத்திலேயே போட்டுவிட்டுப் போயிருந்தேன். ஆட்டம் முடிந்த பத்தாவது நிமிடம் படங்கள் பத்திரிகை அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்பதால், அவை தாமாகவே போய்ச் சேரும்படி ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். அது எனக்கு ஞாபகமே இல்லை.

முழங்கை எலும்பு உடைந்து, தசைநார் அறுந்து, கடைசி இரண்டு விரலுக்குப் போகிற நரம்பும் நசுங்கியிருந்தது. இரண்டு மாதமாகவே கிழிந்துகொண்டு வந்திருக்க வேண்டும், மிச்சத்தை இன்றைக்கு முடித்துவிட்டான் என்று டாக்டர் அம்மாள் சொன்னார். இனி எறிய முடியுமா என்று கேட்டேன். முதலில் சட்டைப் பொத்தான் போட முடிகிறதா என்று பார்ப்போம் என்றார்.

வெஸ்லிக்கு வலி மருந்து கொடுத்திருந்தார்கள். நான் கட்டிலருகில் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, அந்த ஆள் என்ன சொன்னார் என்று கேட்டான். அவர் கருவியைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டதாக ஓரின் போனில் சொல்லியிருந்தார். தெரியாது என்றேன். பிறகு அடக்க முடியாமல் கேட்டேன், ஏன்டா சொல்லவில்லை, காலையில் நான் கேட்டேனே என்று.

"காலைல கேட்டீங்க. பொய் சொன்னேன்," என்றான். கண்ணை மூடிக்கொண்டான். "ஏழாவது இன்னிங்ஸ்ல கேட்டிருந்தா பொய் சொல்லியிருக்க மாட்டேன் மிஸ் பெர்னி. யாராச்சும் ஒருத்தர் கேப்பீங்கன்னு பாத்தேன். நானா எப்பிடிச் சொல்றது?"

அவன் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் பத்திரிகையின் முதல் பக்கத்தில் அந்தப் படம் வந்தது. பத்துப் பேரின் கைகால்களுக்கு நடுவில் வெஸ்லியின் முகம், திறந்த வாய், மூடிய கண்கள், மேலே விழுகிற சாயங்கால வெயில். 'ஆனந்தத்தின் உச்சம்' என்று கீழே போட்டிருந்தார்கள். நான் அனுப்பாமலே போய்ச் சேர்ந்த நானூறு படங்களில் அந்த ஒன்றைத் தேடிப் பொறுக்கியிருந்தார் ஆசிரியர். குற்றம் சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன். என் வாழ்நாளில் நான் எடுத்த சிறந்த படம் அது. மாநில அளவில் பரிசு கொடுத்தார்கள். நான் போய் வாங்கவில்லை, தபாலில் அனுப்பிவிட்டார்கள்.

அந்த முகம் சந்தோஷம் இல்லை என்று ஆசிரியரிடம் சொன்னேன். அவர் திருத்தம் என்று உள்பக்கத்தில் இரண்டு வரி போட்டார், அதை யார் படித்தார்கள்? அடுத்த கோடைக்கு அணியின் நிர்வாகக் குழு அதைப் பத்தடி உயரத்துக்குப் பெரிதாக்கி மைதான வாசலில் மாட்டப் போவதாகக் கேள்விப்பட்டு அங்கேயும் போய்ச் சண்டை போட்டேன். ஊரே கொண்டாடிய நாள் அது, நீ ஏன் அதை அழுகையாக்குகிறாய் என்றார்கள். கில்ராய் அந்தக் கூட்டத்தில் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கடைசி வழியாக வெஸ்லிக்குப் போன் செய்தேன். நீ ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொன்னால் எடுத்துவிடுவார்கள் என்றேன். அவன் அப்போது அப்பாவோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஏணியில் ஏறுவதில்லை, கீழே நின்று இடது கையால் ஓடு எடுத்துக் கொடுக்கிறானாம்.

"விடுங்க மிஸ் பெர்னி. எங்க அம்மா அத ஹால்ல பெருசா மாட்டியிருக்காங்க. வர்றவங்ககிட்டல்லாம் காட்றாங்க, என் புள்ள எவ்ளோ சந்தோஷமா இருக்கான் பாருங்கன்னு. அவங்ககிட்ட போயி நான் என்னத்தச் சொல்றது?"



ஜூன் முதல் வாரம் புது சீசன் ஆரம்பித்தது. வாசலில் படம் மாட்டியிருந்தார்கள். நான் காமெராப் பையோடு தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போகப் பார்த்தேன். அங்கே ஒரு சின்னக் கூட்டம், வரிசையாக நின்று அந்தப் படத்துக்குக் கீழே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. அப்பா, அம்மா, மூன்று குழந்தைகள் கொண்ட ஒரு குடும்பம் முன்னால் நின்றது. அந்த அம்மாளுக்கு என் கழுத்திலிருந்த அடையாள அட்டை தெரிந்துவிட்டது. இந்தப் படத்தை எடுத்தவர் நீங்கள்தானா என்று கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். உங்கள் கையாலேயே எங்களையும் ஒன்று எடுத்துவிடுங்கள் என்று போனை என்னிடம் நீட்டினாள்.

குழந்தைகள் படத்தைத் திரும்பிப் பார்த்தன. பிறகு ஐந்து பேரும் வெஸ்லியைப் போலவே கண்களை இறுக மூடிக்கொண்டு, வாயை அகலத் திறந்து நின்றார்கள். சொல்ல வாயெடுத்தேன். பின்னால் வரிசையில் நாற்பது பேர் சிரித்துக்கொண்டு நின்றார்கள். கடைசிக் குழந்தை, வாயைத் திறந்து வைத்திருப்பது வலித்ததோ என்னவோ, ஒரு கண்ணைத் திறந்து எப்போது எடுப்பேன் என்று என்னைப் பார்த்தது.

நான் படம் எடுத்தேன்.